கைப்பிடியில் உள்ள சிவப்பு சுவிட்ச்

தருமபுரி மாவட்டத்தில் பவர் வீடர், பவர் டில்லர், பிரஷ் கட்டர் ஓட்டும் விவசாயிகளுக்கும், அவற்றை வாடகைக்கு விடுவோருக்கும், பழுது பார்த்துத் தரும் மெக்கானிக்குகளுக்கும் ஒரு திறந்த மடல்



பெட்ரோலில் ஓடும் சிறு என்ஜினை நிறுத்தும் சுவிட்ச், வீட்டு விளக்கின் சுவிட்சுக்கு நேர்மாறாக வேலை செய்கிறது. விளக்கின் சுவிட்சை அணைத்தால் மின்சாரம் போகும் வழி துண்டாகிறது. என்ஜினின் சுவிட்சை அணைத்தாலோ, அதுவரை இல்லாத ஒரு வழி இணைகிறது. பிளக்குக்குப் போக வேண்டிய மின்சாரம் அந்த வழியில் இறங்கி என்ஜின் உடம்போடு 'எர்த்' ஆகிவிடுகிறது. பொறி இல்லாமல் என்ஜின் நிற்கிறது. விளக்கின் ஒயர் அறுந்தால் விளக்கு எரியாது, பழுது உடனே தெரிந்துவிடும். என்ஜின் சுவிட்சின் ஒயர் அறுந்தால் என்ஜின் வழக்கம்போல ஸ்டார்ட் ஆகும், வழக்கம்போல இழுக்கும். நிறுத்த முயலும்போதுதான் பழுது தெரியவரும். அது அவசரமாக நிறுத்த வேண்டிய நேரமாகவும் இருக்கலாம்.

இந்த என்ஜின்களுக்கு பேட்டரி கிடையாது. ஃப்ளைவீலின் ஓரத்தில் பதித்த காந்தம், ஒவ்வொரு சுற்றிலும் காயிலின் அருகே கடந்து போகிறது. இரண்டுக்கும் இடையில் ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர் சந்துதான். காந்தம் கடக்கும்போது காயிலின் முதல் சுருளில் மின்னோட்டம் பிறக்கும். காயிலுக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் அதைச் சரியான நொடியில் துண்டிக்க, இரண்டாம் சுருளில் பல ஆயிரம் வோல்ட் எழும்பி பிளக் முனையில் பொறியாகத் தாவும். சுவிட்சின் ஒயர் அந்த முதல் சுருளோடுதான் இணைந்திருக்கிறது. அதை என்ஜின் உடம்பில் தொட வைத்தால் போதும், அடுத்த பொறி பிறக்காது. 1980-இல் ஓசூரில் டிவிஎஸ் 50 வந்தபோது ஓசூர் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. டிரான்சிஸ்டருக்குப் பதில் பாயின்ட் இருந்தாலும் அந்த வண்டியும் இதே மேக்னெட் முறையில் ஓடியதுதான். ஆகவே இந்த வட்டாரத்து மெக்கானிக்குகளுக்கு இது புதுப்பாடம் அல்ல. நாற்பது ஆண்டுகளாகக் கைப்பழக்கத்தில் உள்ள பாடம்.

சிக்கலும் அந்தப் பழக்கத்திலிருந்தே வருகிறது. ஒயரின் மேல்தோல் தேய்ந்து கைப்பிடிக் குழாயில் உரசினாலும், சுவிட்சுக்குள் சேறும் தண்ணீரும் புகுந்தாலும், காயில் எந்நேரமும் எர்த் ஆகிக்கொண்டே இருக்கும். கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் என்ஜின் எடுக்காது. மெக்கானிக் முதலில் செய்து பார்ப்பது காயிலிலிருந்து அந்த ஒயரைக் கழற்றுவது. கழற்றியதும் பொறி வருகிறது, என்ஜின் எடுக்கிறது. சோதனை என்ற அளவில் இது மிகச் சரி. காயில் நன்றாக இருக்கிறது, கோளாறு ஒயரிலோ சுவிட்சிலோதான் என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆனால் வயலில் ஆள் காத்துக்கொண்டிருப்பார். புதிய சுவிட்ச் கடையில் இருக்காது. கழற்றிய ஒயர் கழற்றியபடியே டேப் சுற்றி விடப்படும். சோதனைக்காகச் செய்தது பழுதுபார்ப்பாகவே முடிந்துவிடுகிறது. பெட்ரோல் டேப்பை மூடியோ சோக்கை இழுத்தோ நிறுத்திக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பப்படும் இயந்திரங்கள் எந்த ஊரிலும் உண்டு.

மாவட்டத்தில் இந்த இயந்திரங்கள் பெருகியதற்குக் காரணம் எல்லாருக்கும் தெரிந்ததே. களை எடுக்க ஆள் இல்லை. இளையவர்கள் ஓசூர், பெங்களூரு, திருப்பூர் என்று போய்விட்டார்கள். பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் மரவள்ளியிலும் மஞ்சளிலும், கரும்பின் பார்களுக்கு இடையிலும், பட்டுப்புழு வளர்ப்போரின் மல்பெரித் தோட்டங்களிலும் இன்று பவர் வீடர்தான் களை எடுக்கிறது. மல்பெரியில் 5 அடியும் 3 அடியும் மாற்றி மாற்றி விடும் இணைவரிசை நடவில், அந்த 5 அடி இடைவெளியில் சிறு இயந்திரம் தாராளமாக ஓடுகிறது. வேளாண்மைப் பொறியியல் துறை மானியமும் தருகிறது. சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆகியோருக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாக, உச்சவரம்புக்கு உட்பட்டு, அது கிடைக்கிறது. புதிதாக வாங்கும்போது கைப்பிடியில் சிவப்பு சுவிட்ச் ஒன்று இருக்கும். சில பருவங்கள் கழித்தும் அது வேலை செய்கிறதா என்பதே கேள்வி.

இந்தச் சுவிட்சின் கதை புல்தரையில் தொடங்கியது. இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் ஊரைச் சேர்ந்த எட்வின் பட்டிங் 1830-இல் புல் வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அது கையால் தள்ளுவது. என்ஜின் வைத்துச் சுழலும் கத்தி வந்த பிறகுதான் கால்விரல்களும் கைவிரல்களும் போகத் தொடங்கின. கத்தியில் சிக்கிய புல்லை என்ஜின் ஓடும்போதே கையால் எடுப்பதும், இயந்திரத்தைத் தன்பக்கம் இழுக்கும்போது கால் உள்ளே போவதுமே முக்கியக் காரணங்கள். அமெரிக்காவில் 1982 ஜூன் 30-க்குப் பிறகு செய்யப்பட்ட, பின்னால் நடந்து தள்ளும் இயந்திரங்களுக்கு ஒரு விதி வந்தது. ஓட்டுபவர் பிடியை விட்ட 3 நொடிக்குள் கத்தி நின்றாக வேண்டும். சுவிட்சை அழுத்திப் பொறியை மட்டும் நிறுத்தினால் ஃப்ளைவீலின் வேகத்தில் கத்தி மேலும் சில நொடிகள் சுற்றும். எனவே பிடியை விட்டதும் காயில் எர்த் ஆவதோடு, ஃப்ளைவீலை ஒரு பிரேக் கட்டையும் பிடிக்கும்படி என்ஜின்கள் செய்யப்பட்டன. விலை கூடிய சில இயந்திரங்களில் என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும், கத்தி மட்டும் நிற்கும்.

அந்த விதியின் உயிர் 3 நொடி என்ற கணக்கைவிட 'பிடியை விட்டால்' என்பதில்தான் இருக்கிறது. தடுக்கி விழுகிறவர் சுவிட்சைத் தேடி அழுத்தமாட்டார், கையை விடுவார். எதுவும் செய்யாமலிருந்தாலே இயந்திரம் நிற்க வேண்டும் என்ற இந்த ஏற்பாடு, நடந்து ஓட்டும் உழவுக் கருவிகளுக்கான ஐரோப்பிய நியமமான ஈஎன் 709-இலும் இடம்பெற்றது. இந்தியாவில் 1983-ஆம் ஆண்டின் ஆபத்தான இயந்திரங்கள் (ஒழுங்குமுறை) சட்டம் கதிரடிக்கும் இயந்திரத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது; மற்றவற்றை மத்திய அரசு அறிவிக்கை மூலம் சேர்க்க இடம் வைத்திருக்கிறது. கதிரடிப்பில் கை இழந்தவர்கள் அத்தனை பேர் இருந்ததால் அந்தச் சட்டம் வந்தது.

பவர் வீடரில் கத்தியை நிறுத்தும் வேலையை இரண்டு உறுப்புகள் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்று கிளட்ச் லிவர். அழுத்திப் பிடித்திருக்கும் வரை பெல்ட் இறுகி அல்லது கியர் பற்றிக் கத்தி சுழலும். விட்டால் கத்தி நிற்கும், என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். மற்றொன்று என்ஜினையே நிறுத்தும் சுவிட்ச். நாள் முழுக்க லிவரை இறுக்கிப் பிடித்தால் கை வலிக்கும் என்பது உண்மை. அதற்காகச் சைக்கிள் டியூபை அறுத்து லிவரைக் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டிவிடுவது இங்கே மட்டும் உள்ள வழக்கம் அல்ல. கட்டிய பிறகு மிஞ்சுவது சுவிட்ச் ஒன்றுதான். அதன் ஒயரும் ஏற்கெனவே கழற்றப்பட்டிருந்தால், கத்திக்கும் காலுக்கும் நடுவே எதுவும் இல்லை. ரிவர்ஸ் கியரில் இது இன்னும் மோசம். முன்னே போகும்போது விழுந்தால் இயந்திரம் ஆளை விட்டு விலகிப் போகும். பின்னே வரும்போது விழுந்தால் ஆள் மேலேயே ஏறும். வரப்பு முனையில் திருப்புகையில், பின்னால் கல்லோ சொட்டுநீர்க் குழாயோ தடுக்கிக் கால் இடறும் இடமும் அதுதான். கை வலிக்கு மருந்து லிவரின் கேபிளுக்கு எண்ணெய் விட்டு, ஸ்பிரிங்கின் இறுக்கத்தைச் சரிசெய்வது. பாதி வலி அதில் போய்விடும்.

கைப்பிடியில் கண்ணில் படாத இன்னொரு சுவிட்சும் பல பெட்ரோல் என்ஜின்களில் உண்டு. என்ஜின் ஆயில் அறைக்குள் மிதவையோடு இருக்கும் அது, ஆயில் மட்டம் இறங்கினால் காயிலை எர்த் செய்து என்ஜினை நிறுத்திவிடும். ஆளைக் காப்பது கைப்பிடிச் சுவிட்ச் என்றால் என்ஜினைக் காப்பது இது. இவ்வகை என்ஜின்களில் ஆயில் பம்பு கிடையாது. கனெக்டிங் ராடின் அடியில் உள்ள சிறு கரண்டி ஆயிலை அள்ளி மேலே தெளிக்கிறது, அவ்வளவுதான். ஹோண்டா ஜிஎக்ஸ்160 போன்ற என்ஜினில் மொத்த ஆயிலே 600 மில்லிக்குள் அடங்கும். அது கணிசமாகக் குறைந்தால் கரண்டிக்கு எட்டுவது கடினம். வத்தல்மலை, சித்தேரி போன்ற மலைச்சரிவுகளில் இயந்திரம் சாயும்போது ஆயில் ஒருபக்கம் ஒதுங்கி, மட்டம் சரியாக இருந்தாலும் இந்தச் சுவிட்ச் என்ஜினை நிறுத்திவிடும். அது தொல்லையாகத் தோன்றும். உடனே மஞ்சள் ஒயர் கழற்றப்படும். ஆனால் இவ்வகை என்ஜின்களுக்குச் சொல்லப்பட்டுள்ள சாய்வு வரம்பு 20 டிகிரி. அதற்கு மேல் சாயும் நிலத்தில் சுவிட்ச் நிறுத்தாவிட்டால் உராய்வு நிறுத்தும். ஆயில் இல்லாமல் ராடு பிடித்து முறிந்து, முறிந்த துண்டு அலுமினியப் பிளாக்கைக் குத்தி வெளியே வரும். பிறகு ரிங் மாற்றுவதும் ஸ்லீவ் போடுவதும் உதவாது. என்ஜினையே மாற்ற வேண்டியதுதான். கழற்றிய ஒரு ஒயருக்கும் புது என்ஜின் செலவுக்கும் உள்ள தொடர்பு இதுதான். பில்லில் மட்டும் அது எழுதப்படுவதில்லை.

என்ஜின் மாற்றும் வேலை இந்த வகையில் எளிது என்பதும் உண்மை. ஹோண்டா 1983-இல் கொண்டுவந்த ஜிஎக்ஸ் வரிசையின் அமைப்பை ஒட்டியே சீனாவில் பல தொழிற்சாலைகள் என்ஜின் செய்கின்றன. நம் கடைகளில் கிடைக்கும் 168எஃப், 170எஃப் என்பவை அவையே. இந்த எண்களைப் படிக்கத் தெரிந்தால் கடைக்காரர் சொல்லும் குதிரைத்திறனை மட்டும் நம்பிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. முதல் எண் 1 என்றால் ஒற்றை சிலிண்டர். அடுத்த இரண்டும் சிலிண்டரின் உள்விட்டம், மில்லிமீட்டரில். எஃப் என்றால் காற்றால் குளிர்வது. 68 மில்லிமீட்டர் விட்டமும் 45 மில்லிமீட்டர் ஓட்டமும் என்றால் 163 சிசி. அதே விட்டத்தில் ஓட்டம் 54 என்றால் 196 சிசி. 170எஃப் 210 சிசி அளவில் வரும். டீசலில் 178எஃப் 296 சிசி, 186எஃப் 406 சிசி.

பொருந்துமா என்று பார்க்க வேண்டியது சிசி மட்டும் அல்ல. ஷாஃப்டின் விட்டம் முக்கால் அங்குலம், அதாவது 19.05 மில்லிமீட்டரா, 20 மில்லிமீட்டரா என்பதை வெர்னியர் வைத்துத்தான் சொல்ல முடியும். ஒன்றின் புல்லியை மற்றொன்றில் மாட்டி, தகடு திணித்து ஓட்டினால் ஆட்டம் கண்டு சாவி முறியும். ஷாஃப்டின் நீளம், முனை சாவிப் பள்ளம் உடையதா மரை உடையதா, சுழலும் திசை, நான்கு போல்ட் துளைகளின் இடைவெளி ஆகியவை ஒத்துவர வேண்டும். தண்ணீர் பம்புக்கு வந்த என்ஜினில் ஷாஃப்ட் மரையோடு இருப்பதும் உண்டு. அது வீடருக்கு ஆகாது. உள்ளேயே கியர் வைத்துப் பாதி வேகத்தில் ஷாஃப்டைச் சுற்றும் என்ஜின்களும் உண்டு. அதைத் தவறி மாட்டினால் கத்தி மண்ணைக் கிளறாமல் தடவும். எதிர்மாறாக மாட்டினால் கியர் பெட்டி தாங்காது. புல்தரை இயந்திரத்தின் என்ஜினோ ஷாஃப்ட் நேர்கீழே இறங்கும் வகை. பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைத்தாலும் வீடருக்கு அதனால் பயனில்லை.

போல்ட் இறுகி, பெல்ட் மாட்டி, ஆயில் ஊற்றி, கயிறு இழுத்து, என்ஜின் எடுத்ததும் வேலை முடிந்ததாகக் கருதுவதே வழக்கம். இந்த மடல் எழுதப்படுவது அந்த இடத்துக்காகத்தான். புது என்ஜினோடு அதன் உடம்பிலேயே ஒரு ஆன்-ஆஃப் சுவிட்ச் வருகிறது. கைப்பிடியில் உள்ள பழைய சுவிட்சின் ஒயர் புது என்ஜினின் காயிலோடு இணைக்கப்படாமல் தொங்கிக்கொண்டிருக்கும். ஓட்டுபவர் விழுந்தால் அவர் கைக்கு எட்டுவது செத்த சுவிட்ச். உயிரோடு இருக்கும் சுவிட்ச் கத்திக்கு அந்தப் பக்கம், சைலன்சருக்குப் பக்கத்தில் இருக்கும். இரண்டையும் ஒருசேர இணைக்க எந்தத் தடையும் இல்லை. இரண்டு சுவிட்சுகளும் காயிலின் அதே ஒயரிலிருந்து எர்த்துக்குப் போகும் இரண்டு வழிகள்; எதை அழுத்தினாலும் என்ஜின் நிற்கும். வேண்டியது ஒரு ஒயர், ஒரு முனைக்கவ்வி, குழாயில் உரசாதபடி ஒரு உறை. மாற்றும் செலவோடு பார்த்தால் இது கணக்கிலேயே வராது.

சுவிட்ச் கிடைக்கவில்லை என்று வீட்டு லைட் சுவிட்சை மாட்டுவதும் நடக்கிறது. மின்சார அளவில் அது வேலை செய்யும். ஆனால் லைட் எரியும் நிலைக்குத் தள்ளினால் என்ஜின் நிற்கும், அணைக்கும் நிலைக்குத் தள்ளினால் ஓடும். மாட்டியவருக்கு இது தெரியும். மறுவாரம் வாடகைக்கு எடுத்துப்போகிறவருக்குத் தெரியாது. பைக்கின் சாவி சுவிட்சை மாட்டுவது அதைவிடக் கெடுதல். பேட்டரியின் 12 வோல்ட் தவறியும் காயிலின் அந்த ஒயரில் ஏறினால் காயில் வெந்துபோகும். அதற்கு வாரண்டியும் கிடைக்காது.

பெட்ரோல் என்ஜினை எடுத்துவிட்டு டீசல் வைக்கும்போது நிலைமை முற்றிலும் மாறுகிறது. டீசலில் பொறி இல்லை. அழுத்தத்தின் சூட்டிலேயே எரிபொருள் எரிகிறது. எர்த் செய்ய எதுவும் இல்லாததால் சிவப்பு சுவிட்ச் வெறும் அலங்காரமாகிவிடும். டீசலை நிறுத்த எரிபொருளை அடைக்க வேண்டும். என்ஜினில் உள்ள ஸ்டாப் லிவருக்குக் கைப்பிடியிலிருந்து கேபிள் இழுத்தால்தான் நிறுத்தும் வசதி ஓட்டுபவர் கைக்கு வரும். ஜிஎக்ஸ்160 எடை 15 கிலோ. 186எஃப் டீசல் 50 கிலோவை நெருங்கும். முன்பாரம் கூடுவதால் கைப்பிடி தூக்கும், வரப்பில் திருப்புவது கடினமாகும், விழும் வாய்ப்பும் கூடும். நிறுத்தும் வசதி அதிகமாக வேண்டிய இயந்திரத்தில் அது இல்லாமலே போவது, எரிபொருள் செலவு மிச்சம் என்ற ஒரே கணக்கால்.

டீசலுக்கே உரிய ஆபத்து ஒன்றும் உண்டு. ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றினாலோ ரிங் தேய்ந்தாலோ, என்ஜின் தன் ஆயிலையே உறிஞ்சி எரித்து, வேகம் ஏறிக்கொண்டே போகும். அப்போது டீசல் டேப்பை மூடினாலும் நிற்காது, லிவரை இழுத்தாலும் நிற்காது. காற்றை அடைப்பது ஒன்றே வழி. ஏர் ஃபில்டர் வாயில் கனமான பலகையையோ பலமாக மடித்த சாக்கையோ வைத்து அழுத்த வேண்டும். உள்ளங்கையை வைக்கக் கூடாது, உறிஞ்சும் வேகத்தில் கை காயப்படும்.

பிரஷ் கட்டருக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரேஸை விட்டதும் வேகம் இறங்கி மையவிலக்குக் கிளட்ச் விடுபடும், கத்தி தானே ஓய்ந்துவிடும். ஐடிலிங்கில் கத்தி சுற்றினால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது அல்லது ஐடிலிங் ஏற்றி வைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். ரேஸ் லிவரோடு சேர்த்து உள்ளங்கையால் அழுத்தும் பூட்டு லிவரைக் கழற்றாமல் விட்டால் போதும்.

கைப்பிடிச் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று பார்க்க அரை நிமிடம் போதும். காலையில் என்ஜினை எடுத்ததும், கத்தியைச் சேர்க்காமல், ரேஸைக் குறைத்துவிட்டுச் சுவிட்சை அணைக்க வேண்டும்; இருமிக்கொண்டே ஓடாமல் சட்டென நிற்க வேண்டும். பட்டறையில் என்றால் மல்டிமீட்டர் இருக்கும். ஒயரைக் காயிலிலிருந்து கழற்றி, அதன் முனைக்கும் என்ஜின் உடம்புக்கும் இடையே பார்த்தால், சுவிட்ச் 'ஆஃப்' நிலையில் பீப் ஒலிக்க வேண்டும், 'ஆன்' நிலையில் ஒலிக்கக் கூடாது. ஒலித்தால் உரசும் இடத்தைத் தேட வேண்டும். பெரும்பாலும் அது கைப்பிடி மடியும் மூட்டில் இருக்கும்.

வயலின் நடுவே சுவிட்ச் கைவிட்டால் முதலில் கிளட்ச் லிவரை விட்டுக் கத்தியைப் பிரிக்க வேண்டும். பிறகு ரேஸைக் குறைத்துச் சோக்கை முழுதாக மூட வேண்டும். பெரும்பாலும் என்ஜின் பெட்ரோல் மிகுந்து அங்கேயே அடைத்து நிற்கும். பெட்ரோல் டேப்பை மூடினாலும் கார்புரேட்டர் கிண்ணத்தில் மிஞ்சியது தீரும்வரை ஒரு நிமிடத்துக்கும் மேல் ஓடக்கூடும்; அந்த நேரம் முழுவதும் இயந்திரத்தின் பக்கவாட்டில் நிற்க வேண்டும், பின்னால் நிற்கக் கூடாது. பிளக் மூடியை வெறுங்கையால் பிடுங்கினால் பல ஆயிரம் வோல்ட் கையில் ஏறும். அந்த உதறலில் கை எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது; பக்கத்திலேயே சூடான சைலன்சர் இருக்கிறது.